கட்டு எத்தனைக்கு? பத்தை விட்டு வெளியே வந்து எண் படிக்க ஒரு வழிகாட்டி

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை என்று எங்கள் கரையோரத்தில் குடியிருக்கிறவர்கள், கவனித்துப் பார்த்தால், ஐந்தாறு எண்முறைகளோடு அன்றாடம் புழங்குகிறோம். படகு ஜிபிஎஸ் காட்டுவது அறுபதின் கணக்கு. பாம்புப் பஞ்சாங்கமும் அறுபதுதான், ஆனால் அது வேறு அறுபது. டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரத்தில் தமிழ் எண்ணும் மாகாணியும். லாரி நெற்றியிலும் கடை வாசலிலும் 786. வைஃபை பெட்டியைத் திருப்பினால் எழுத்தும் எண்ணும் கலந்து பன்னிரண்டு இலக்கம். பத்துப் பத்தாக எண்ணிப் பழகிய கண்ணுக்கு இதெல்லாம் ஏதோ ரகசிய எழுத்து மாதிரித் தெரியும். ரகசியம் ஒன்றும் இல்லை. எத்தனைக்கு ஒரு கட்டு போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

கணக்கில் புலியாக இருக்க வேண்டியதில்லை. பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். நோட்டு, பேனா, கை நிறையச் சிப்பி எடுத்துக்கொள்ளுங்கள், புளியங்கொட்டையானாலும் சரி. கடலுக்குப் போகிறவர் மூன்றாம் படியை மட்டும் படித்தாலும் வீண் போகாது. பத்திரம் பார்க்க வந்தவர் ஐந்தாம் படிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் படியை யாரும் தாண்ட வேண்டாம்.

முதல் படி: 61 சிப்பியைக் கட்டிப் பாருங்கள்

61 என்றால் எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும் தடைக்காலம் 61 நாள். அந்த 61-ஐயே வைத்துக்கொள்வோம்.

61 சிப்பியைத் தரையில் கொட்டிப் பத்துப் பத்தாகக் குவியுங்கள். ஆறு குவியல், மிச்சம் ஒன்று. 61 என்று நாம் எழுதுவது இதைத்தான்: இடது பக்கம் குவியலின் எண்ணிக்கை, வலது பக்கம் மிச்சம். இப்போது எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் குவியுங்கள். ஐந்து குவியல், மிச்சம் ஒன்று. அதே விதியில் எழுதினால் 51. சிப்பி ஒன்றுகூடக் குறையவில்லை, கட்டு மட்டும் மாறிவிட்டது. எட்டெட்டாகக் குவித்தால் ஏழு குவியல், மிச்சம் ஐந்து: 75. இருபது இருபதாக: 31.

ஐந்தைந்தாகக் குவித்தால் ஒரு சிக்கல் வரும். பன்னிரண்டு குவியல், மிச்சம் ஒன்று. இதை 121 என்று எழுதக் கூடாது. குவியலுக்கும் அதே விதிதான்: ஐந்து குவியல் சேர்ந்துவிட்டால் அது ஒரு பெருங்குவியல், அதில் 25 சிப்பி. ஆக இரண்டு பெருங்குவியல், இரண்டு குவியல், ஒரு சிப்பி: 221. பத்தின் கணக்கில் பத்து, நூறு, ஆயிரம் என்று ஏறுகிற மாதிரி, ஐந்தின் கணக்கில் 5, 25, 125 என்று ஏறும். எத்தனைக்கு ஒரு கட்டு என்பதைப் பாடப்புத்தகத்தில் அடிமானம் என்பார்கள். குழப்பம் வராமல் இருக்க அதைக் கீழே சின்னதாக எழுதுவது வழக்கம்: 61₁₀ = 221₅ = 75₈ = 51₁₂. வாயால் சொல்லும்போது ‘இருநூற்று இருபத்தொன்று’ என்று சொல்லாதீர்கள். ‘இரண்டு, இரண்டு, ஒன்று, அடிமானம் ஐந்து’ என்று சொன்னால்தான் கேட்கிறவர் தப்பாகப் புரிந்துகொள்ள மாட்டார்.

61-ஐ அறுபதில் கட்டினால்? ஒரு கட்டு, மிச்சம் ஒன்று. பழைய பாபிலோனியர் இப்படித்தான் எழுதினார்கள்: ஈரக் களிமண்ணில் ஒரு ஆப்புக் கீறல், கொஞ்சம் இடம் விட்டு இன்னொரு கீறல். இடம் விட மறந்தால் அது 2. நடுவில் காலியான இடம் ஒன்று உண்டு என்று காட்ட நெடுங்காலம் அவர்களிடம் குறியே இல்லை. அதனால் அதே இரண்டு கீறல் 3601 ஆகவும் இருக்கலாம். அதாவது ஒரு 3600, அறுபது எதுவும் இல்லை, மிச்சம் ஒன்று. இடத்தை வைத்து மதிப்புச் சொல்லும் முறையில் சுழியம் இல்லாவிட்டால் என்ன கதி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கையாலேயே அறுபது எண்ணலாம், பழகிப் பாருங்கள். வலது கைக் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போனால் விரலுக்கு மூன்றாகப் பன்னிரண்டு. பன்னிரண்டு முடிந்ததும் இடது கையில் ஒரு விரலை மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கினால் அறுபது. விரல் நுனியையும் சேர்த்துத் தொட்டால் வலது கையிலேயே பதினாறு வரும். அது அடுத்த படிக்கு உதவும்.

இரண்டாம் படி: வகுத்துக்கொண்டே போங்கள், மிச்சத்தைக் கீழிருந்து படியுங்கள்

எப்போதும் சிப்பியைக் குவித்துக்கொண்டிருக்க முடியாது. காகிதத்தில் செய்ய ஒரே ஒரு வேலைதான்: எண்ணை அடிமானத்தால் வகு, மிச்சத்தை ஓரமாக எழுது, ஈவை மறுபடி வகு, ஈவு சுழியம் ஆகும்வரை விடாதே.

61-ஐ இரண்டால் வகுப்போம். ஈவு 30, மிச்சம் 1. முப்பதை வகுத்தால் 15, மிச்சம் 0. அப்புறம் 7, மிச்சம் 1. 3, மிச்சம் 1. 1, மிச்சம் 1. 0, மிச்சம் 1. மிச்சங்களைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தால் 111101. இதுதான் 61-இன் இரும வடிவம். மேலிருந்து கீழே எழுதிவிட்டால் 101111 வரும், அது 47. புதிதாகப் படிக்கிறவர்கள் வழுக்குகிற இடம் இதுதான்.

சரிபார்க்கத் தராசுக் கற்களை எடுத்துக்கொள்ளலாம். 1, 2, 4, 8, 16, 32 கிலோ கற்கள், ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. 61 கிலோ கருவாட்டை நிறுக்க எந்தக் கற்கள் வேண்டும்? 32, 16, 8, 4, 1. இரண்டு கிலோக் கல் மட்டும் வேண்டாம். வைத்த கல்லுக்கு 1, வைக்காத கல்லுக்கு 0 என்று பெரியதிலிருந்து எழுதுங்கள்: 111101. ஆறே கல்லில் 1 முதல் 63 வரை எந்த எடையையும் நிறுத்துவிடலாம். ஒவ்வோர் எடைக்கும் ஒரே ஒரு வழிதான்.

இரும எண் நீளமாகப் போகும், கண் சொருகும். அதனால் கணினிக்காரர்கள் வலது பக்கத்திலிருந்து நான்கு நான்காக நறுக்குகிறார்கள்: 0011 1101. நான்கு இலக்கத்தில் 0 முதல் 15 வரை பதினாறு மதிப்பு வரும், ஆனால் நம்மிடம் இருப்பது பத்து இலக்கம். பத்துக்கு ஏ, பதினொன்றுக்கு பி, அப்படியே சி, டி, இ, பதினைந்துக்கு எஃப் என்று ஆங்கில எழுத்தைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். 0011 என்பது 3, 1101 என்பது 13, அதாவது டி. ஆக 61 பதினறும முறையில் ‘3டி’.

வைஃபை பெட்டியின் முதுகில் இரண்டிரண்டாகப் பிரித்து எழுதியிருக்கும் பன்னிரண்டு இலக்கம் இந்த வகைதான். கப்பல்களிலும் பெரிய படகுகளிலும் வைக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் ஆபத்துக்கால அலைபரப்பிக்கு 15 இலக்கத்தில் ஒரு அடையாள எண் உண்டு, அதுவும் பதினறும எண்ணே. அதைப் பதிவு செய்யும்போதோ வயர்லெஸ்ஸில் சொல்லும்போதோ ஒரு இலக்கம் பிசகினால் வேறு படகின் எண்ணாகிவிடும். ஆகவே இரண்டு விஷயத்தை மனதில் வையுங்கள். இந்த முறையில் எஃப்-க்கு மேல் எழுத்தே கிடையாது, அதனால் வட்டமாக எதைப் பார்த்தாலும் அது சுழியம்தான், ‘ஓ’ என்ற எழுத்து வரவே வராது. குச்சி மாதிரி நிற்பது ஒன்று, ‘ஐ’ அல்ல. ஆனால் பி-யும் 8-உம், டி-யும் சுழியமும் உண்மையிலேயே ஒன்றுபோல் இருக்கும், காதுக்கு பி, சி, டி, இ நான்கும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் கடலில் சொல்லும்போது ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோ, ஃபாக்ஸ்ட்ராட் என்று முழுச் சொல்லாகவே சொல்லுங்கள். ஆறே சொல்தான், மனப்பாடம் செய்துவிடலாம்.

மூன்றாம் படி: ஜிபிஎஸ் புள்ளி

நின்று நிதானமாகப் படிக்க வேண்டிய படி இது. பாரிலோ (கடலடிப் பாறைத் திட்டு) வலை விட்ட இடத்திலோ குறித்துக்கொண்ட பாயிண்டை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது எங்கள் பக்கம் சாதாரணம். நோட்டில் எழுதுகிறார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், போனில் வாயாலேயே சொல்கிறார்கள். தகராறு வருவது எண்ணால் அல்ல, எண்ணின் வடிவத்தால்.

ஒரு டிகிரியில் 60 நிமிடம், ஒரு நிமிடத்தில் 60 விநாடி. அறுபதில் கட்டும் முறை பாபிலோனியரோடு மறைந்துவிடவில்லை, வானியல்காரர் கைமாறி மாலுமி கைக்கு வந்திருக்கிறது. ஆனால் ஒரே இடத்தை இன்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். கடல் எல்லையையே உதாரணமாக எடுப்போம். பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே எல்லை போட்ட 1974 ஜூன் ஒப்பந்தம் ஆறு புள்ளிகளைச் சொல்கிறது. கச்சத்தீவுக்குப் பக்கத்தில் வரும் நான்காம் புள்ளியின் வடக்கு அட்சம் 9 டிகிரி 21.80 நிமிடம். அதை இப்படியெல்லாம் எழுதலாம்:

9° 21.80'
9° 21' 48"
9.36333°

மூன்றும் ஒரே இடம். முதலாவதில் டிகிரிக்கும் நிமிடத்துக்கும் நடுவே அறுபதின் கட்டு, நிமிடத்துக்குக் கீழே பத்தின் கட்டு. படகுகளில் உள்ள ஜிபிஎஸ் பெரும்பாலும் காட்டுவது இதைத்தான். இரண்டாவது முழுக்க அறுபது. மூன்றாவது முழுக்கப் பத்து. கைப்பேசி வரைபடம் காட்டுவது இது.

மாற்றுவது எளிது. கைப்பேசி எண்ணிலிருந்து படகு எண்ணுக்கு வர, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் 60-ஆல் பெருக்குங்கள்: 0.36333 × 60 = 21.80 நிமிடம். விநாடி வேண்டுமென்றால் மறுபடி புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும்: 0.80 × 60 = 48. திரும்பி வருவதற்குப் பெருக்கலை வகுத்தலாக்குங்கள்: 48-ஐ 60-ஆல் வகுத்து 21-உடன் கூட்டினால் 21.80, அதை 60-ஆல் வகுத்து 9-உடன் கூட்டினால் 9.36333. ஒவ்வோர் அடிக்கும் ஒரு பெருக்கல் அல்லது ஒரு வகுத்தல், அவ்வளவுதான்.

தப்பாக எடுத்தால் எவ்வளவு தள்ளிப் போகும்? அட்சத்தில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1852 மீட்டர். ஒரு விநாடி ஏறக்குறைய 31 மீட்டர். 21.80 நிமிடத்தை ஒருவர் 21 நிமிடம் 80 விநாடி என்று எடுத்துக்கொண்டால் அது 22 நிமிடம் 20 விநாடி ஆகிவிடும். வித்தியாசம் 32 விநாடி, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். அதே எண்ணை 9.2180 டிகிரி என்று கைப்பேசியில் அடித்தால் தெற்கே 8.7 கடல் மைல் தள்ளி, அதாவது 16 கிலோமீட்டருக்கு அப்பால் காட்டும். எங்கள் கடலில் ஒரு கிலோமீட்டர் என்பதே லேசுப்பட்ட தூரம் இல்லை.

என்னைக் கேட்டால், நோட்டில் 9.21.80 என்று எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்து எழுதும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். எந்தப் புள்ளி அறுபது, எந்தப் புள்ளி பத்து என்று எழுதினவருக்கே ஒரு மாதம் கழித்துத் தெரியாது. டிகிரிக்கு வட்டம், நிமிடத்துக்கு ஒற்றைக் கோடு, விநாடிக்கு இரட்டைக் கோடு போடுங்கள். பாயிண்ட் வாங்கும்போது ‘எந்த வடிவம்’ என்று கேளுங்கள். கேட்க ஆள் இல்லையென்றால் எண்ணையே பாருங்கள்: விநாடி இருக்க வேண்டிய இடத்தில் 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது விநாடி இல்லை, நிமிடத்தின் தசமப் பகுதி. 60-க்குக் கீழே இருந்தால் இந்தச் சோதனை உதவாது, அதனால் கேட்டுக்கொள்வதே மேல். 21.8-உம் 21.80-உம் ஒன்றே, ஆனால் 21.08 வேறு, அந்தச் சுழியத்தை விழுங்கிவிடாதீர்கள். புதுக் கருவி வாங்கினால் கரையில் தெரிந்த இடத்தில், உங்கள் படகுத்துறையிலேயே நின்றுகொண்டு, கைப்பேசியையும் கருவியையும் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒன்றைச் சொல்கிறதா என்று ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். கருவியின் அமைப்பில் வடிவத்தை மாற்ற வழி இருக்கும். ஒரே துறையில் இருக்கும் படகுகள் பேசி வைத்து ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டால் இந்தப் பெருக்கல் வகுத்தலே தேவைப்படாது.

நான்காம் படி: பஞ்சாங்கத்தின் அறுபது

கடிகாரம் ஒரு நாளை 24 மணியாக வெட்டி, மணியை அறுபதாக வெட்டுகிறது. பஞ்சாங்கம் நாளையே நேரடியாக அறுபதாக வெட்டுகிறது: ஒரு நாள் 60 நாழிகை, ஒரு நாழிகை 60 விநாழிகை. ஆக ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஒரு விநாழிகைக்கு 24 விநாடி, ஒரு மணிக்கு இரண்டரை நாழிகை. எண்ணத் தொடங்குவது நள்ளிரவில் இல்லை, சூரிய உதயத்தில்.

அமாவாசைத் திதி 17 நாழிகை 40 விநாழிகை வரை என்று போட்டிருந்தால், 17 × 24 = 408 நிமிடம், 40 × 24 = 960 விநாடி, அதாவது 16 நிமிடம். மொத்தம் 424 நிமிடம்: 7 மணி 4 நிமிடம். அன்று உதயம் 6.10 என்றால் திதி முடிவது பகல் 1.14. உதய நேரத்தைக் கூட்ட மறந்துவிட்டு ‘காலை ஏழு மணிக்கே முடிந்துவிட்டது’ என்பவர்கள் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் ஏற்றமும் வற்றமும் கூடும் என்பதால் எங்கள் பக்கம் இந்தக் கணக்குக்கு இன்னும் வேலை இருக்கிறது.

பிரபவ முதல் அட்சய வரை ஓடும் வருடப் பெயர்களும் அறுபதுதான். ஆனால் அதில் கட்டை எண்ணும் இலக்கம் இல்லை, மிச்சம் மட்டும்தான். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன 1964 டிசம்பர் குரோதி வருடம். 2024 ஏப்ரலிலும் குரோதியே பிறந்தது. வெறும் ‘குரோதி’ என்று எழுதிய ஒரு காகிதம் 1904-ஆ, 1964-ஆ, 2024-ஆ என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பாபிலோனியரின் இரண்டு கீறல் பட்ட பாடுதான். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் காலத்துச் செப்பேடுகளில் வருடப் பெயரோடு சகாப்த எண்ணையும் (சக ஆண்டுக் கணக்கு) சேர்த்துப் போட்டதன் பயன் இங்கே தெரியும். சகாப்த எண்ணோடு 78-ஐக் கூட்டினால் நம்முடைய ஆண்டு வந்துவிடும். தை, மாசி, பங்குனி என்றால் பெரும்பாலும் 79.

ஐந்தாம் படி: பழைய பத்திரம்

பத்திரத்தைக் கையில் எடுத்ததும் முதலில் இலக்கங்களைப் பழகுங்கள்: ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯. பாதிக்கு மேல் எழுத்துகளின் சாயல்தான். ‘கடுகு உளுந்து ஙனைச்சு சமைச்சு ருசிச்சு சாப்பிட்டேன் என அவன் கூறினான்’ என்று ஒரு வாக்கியம் பிள்ளைகள் மத்தியில் உலவுகிறது. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் வரிசையாக ஒன்று முதல் ஒன்பது வரை நினைவூட்டும். ங-வில் தொடங்கும் சொல்லுக்கு எங்கே போவது, அதனால் ‘நனைச்சு’ பாவம் ‘ஙனைச்சு’ ஆகிவிட்டது.

இந்த ஒன்பதோடு மூன்று குறிகள் தனியாக உண்டு: ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். பழைய முறையில் இலக்கம் நிற்கும் இடத்துக்கு மதிப்பு இல்லை, இந்தக் குறிகளே மதிப்பைச் சொல்லிவிடும். அதனால் சுழியமும் தேவைப்படவில்லை. படிக்கும் விதி இதுதான்: குறிக்கு முன்னால் இலக்கம் இருந்தால் பெருக்கு, இல்லாவிட்டால் ஒன்று என்று எடு, எல்லாவற்றையும் கூட்டு. ௲௮௱௯௰௭ என்று இருந்தால் ஒவ்வொரு குறிக்குப் பின்னாலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்: ௲ | ௮௱ | ௯௰ | ௭. ஆயிரம், எண்ணூறு, தொண்ணூறு, ஏழு: 1897. நாம் வாயால் சொல்லும் வரிசை அப்படியே காகிதத்தில் இருக்கிறது. நம் தடைக்காலத்து 61, இதில் ௬௰௧.

வரிசை முக்கியம். ௰௨ என்றால் 12, ௨௰ என்றால் 20. ௱௫ என்றால் 105, ௫௱ என்றால் 500. சின்னக் குறி பெரிய குறிக்கு முன்னால் நின்றால் அதுவும் பெருக்கல்தான்: ௱௲ என்றால் நூறு ஆயிரம், அதாவது ஒரு லட்சம். பிற்காலத்தில் இலக்கத்தை மட்டும் வரிசையாக எழுதும் புது முறையும் வந்தது. இன்றைய நாள்காட்டிகளில் ௨௦௨௫ என்று பார்ப்பது அந்த வகை. ௰, ௱, ௲ மூன்றில் ஒன்று கண்ணில் பட்டால் பழைய முறை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௹ ரூபாய், ௸ மேற்படி. பத்திரத்தில் மேற்படிக்குப் பஞ்சமே இருக்காது.

அடுத்தது பின்னம். முனகாமல் படியுங்கள், நம் ஆட்கள் கெட்டிக்காரத்தனம் காட்டிய இடம் இது. பாதி பாதியாகப் போகும் ஒரு வரிசை: அரை, கால், அரைக்கால் (1/8), வீசம் அல்லது மாகாணி (1/16). இருபதிலிருந்து இறங்கும் இன்னொரு வரிசை: மா (1/20), அரைமா (1/40), காணி (1/80), அரைக்காணி (1/160), முந்திரி (1/320). தஞ்சைப் பக்கம் ஒரு வேலி நிலத்துக்கு இருபது மா என்பது இந்தக் கணக்குதான். இரண்டு வரிசையையும் கலந்து கூட்டப் பொதுப் பகுதி தேட வேண்டாமா? வேண்டாம். எல்லாவற்றையும் முந்திரியாக மாற்றுங்கள். அரை 160, கால் 80, அரைக்கால் 40, வீசம் 20, மா 16, காணி 4, அரைக்காணி 2. எதிலும் உடைசல் வராது. 320 என்பது 64-ஐ ஐந்தால் பெருக்கியது, அதனால் பாதியாக்கும் வரிசைக்கும் இருபதின் வரிசைக்கும் ஒரேயடியாகப் பிடிகொடுக்கிறது.

ஒரு பாகப் பத்திரத்தில் ஒருவருக்கு ‘அரைக்காலும் ஒரு மாவும்’ என்று இருந்தால் 40 + 16 = 56 முந்திரி. 56-ஐ 320-ஆல் வகுத்தால் 0.175, நூற்றுக்குப் பதினேழரை. ‘முக்காலே மூணு வீசம்’ முடிந்துவிட்டது என்று வேலையைப் பற்றிப் பேச்சில் சொல்கிறோமே, அது 240 + 60 = 300 முந்திரி, பதினாறில் பதினைந்து பங்கு. இன்னும் பொடியாக வேண்டுமென்றால் முந்திரியையே 320-ஆக வெட்டிக் கீழ்முந்திரி என்றார்கள்: 1/1,02,400. கட்டு மேலே ஏறுகிற மாதிரி கீழேயும் இறங்கும்.

இந்தப் பின்னங்களுக்குத் தனிக் குறிகள் உண்டு. 2019-இல், கணினி எழுத்துகளுக்கான உலகத் தரமான யூனிகோடின் 12.0 பதிப்பு அவற்றைத் தமிழ்க் கூடுதல் என்ற பகுதியில் சேர்த்தது, மொத்தம் 51 குறிகள். உங்கள் கைப்பேசியில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம், கோப்பு கெட்டுப்போகவில்லை.

விலையில் ரூ. 3-6-9 என்று கோடு போட்டு எழுதியிருந்தால் அது மூன்று ரூபாய், ஆறு அணா, ஒன்பது பை. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஒரே எண்ணுக்குள் இரண்டு விதக் கட்டு. எல்லாவற்றையும் பையாக்குங்கள்: 576 + 72 + 9 = 657. ரூபாய்க்கு 192 பை, ஆக 657-ஐ 192-ஆல் வகுத்தால் 3.42 ரூபாய். 1957 ஏப்ரல் 1-இல் நூறு பைசா வந்தபிறகு இது கணக்கேட்டிலிருந்து போய்விட்டது. ஆனால் கால் ரூபாயை நாலணா என்பது பெரியவர்கள் வாயிலிருந்து இன்னும் போகவில்லை.

ஆறாம் படி: 786

இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் ஏதோ ஒரு கட்டு இருந்தது. இதில் நாம் கேட்ட கேள்வியே செல்லாது. அரபு எழுத்துகளுக்கு அப்ஜத் என்று ஒரு மதிப்பு வரிசை உண்டு. அலிஃப் 1, பே 2, ஜீம் 3, தால் 4, ஹே 5 என்று தொடங்கி பத்துவரை ஒன்றொன்றாக, அப்புறம் பத்துப் பத்தாக, அப்புறம் நூறு நூறாக ஆயிரம்வரை போகும். எழுத்துகளின் மதிப்பைக் கூட்டினால் சொல்லின் எண். வரிசை மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது.

‘பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்’ என்பதைக் கூட்டிப் பார்க்கலாம். நமக்கு வேண்டிய மதிப்புகள்: அலிஃப் 1, பே 2, ஹே 5, கனத்த ஹா 8, யே 10, லாம் 30, மீம் 40, நூன் 50, சீன் 60, ரே 200.

பிஸ்மி: பே, சீன், மீம். 2 + 60 + 40 = 102.
அல்லாஹ்: அலிஃப், லாம், லாம், ஹே. 1 + 30 + 30 + 5 = 66.
அர்ரஹ்மான்: அலிஃப், லாம், ரே, ஹா, மீம், நூன். 1 + 30 + 200 + 8 + 40 + 50 = 329.
அர்ரஹீம்: அலிஃப், லாம், ரே, ஹா, யே, மீம். 1 + 30 + 200 + 8 + 10 + 40 = 289.

நான்கையும் கூட்டினால் 786. இறைநாமம் எழுதிய காகிதம் காலில் மிதிபடக் கூடாது என்ற எண்ணத்தில் பலர் எண்ணாக எழுதுகிறார்கள். அப்படி எழுதுவது வழக்கமே தவிர மார்க்கக் கட்டளை இல்லை என்று சொல்லும் ஆலிம்களும் (மார்க்க அறிஞர்கள்) உண்டு. அந்த விவாதத்துக்கு இந்தக் கட்டுரை போகாது.

உங்களுக்கு 787 வந்தால் பயப்பட வேண்டாம். ‘ரஹ்மான்’ என்று நீட்டிச் சொல்கிறோம் என்பதால் நடுவில் ஒரு அலிஃபைச் சேர்த்திருப்பீர்கள். அது ஒலிக்கும், ஆனால் அந்தச் சொல்லை எழுதும்போது முழு எழுத்தாக வராது. 986 வந்தால் ‘அர்ரஹ்மான்’, ‘அர்ரஹீம்’ இரண்டில் ஏதோ ஒன்றில் அழுத்திச் சொல்லும் ரேயை இரண்டாக எண்ணியிருப்பீர்கள். அங்கே எழுதுவது ஒரு ரேதான். அல்லாஹ்வில் மட்டும் லாம் இரண்டு தடவை எழுதப்படுகிறது, அதனால் இரண்டையும் எண்ண வேண்டும். அப்ஜத்தில் காதை நம்பாமல் காகிதத்தில் இருக்கும் எழுத்தை மட்டும் எண்ணுங்கள்.